அருணாச்சலம் மெச்சிய பழுப்பு

கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடியைக் கழற்றி, டயலை மூக்கருகே கொண்டுபோய் இரண்டு முறை முகர்ந்து பார்ப்பார் அருணாச்சலம். டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்துப் பழசாக்கிய டயல் வாசனையிலேயே காட்டிக் கொடுத்துவிடுமாம். கொண்டுவந்தவரின் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். பல நாள் அதுவும் இல்லை.

பொன்னேரி ஸ்டேஷன் ரோட்டில், ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையின் பாதியில் அவருடைய மேசை. பழைய கைக்கடிகாரங்களை வாங்கி, சென்னையில் அவற்றைச் சேகரிப்பவர்களுக்கு விற்கிறார். ரிப்பேர் தெரியாது. கேட்டால் கோபம் வரும். "நான் இன்னா மெக்கானிக்கா? டயலைப் படிக்கிறவன்பா."

படித்ததெல்லாம் மூன்றே பாடம். மறுபடி வண்ணம் பூசிய டயல் என்றால் "மேக்கப்." ஈரம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் "அம்மை." இரண்டுக்கும் நூறு ரூபாய்கூடத் தேறாது. சீராகத் தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்: "பதம்." அதற்குச் சென்னையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். "அந்தக் கலரைக் காசு குடுத்து கொண்டாற முடியாது. நாப்பது வருஷ வெயிலு வேணும்" என்பார், வெயிலே தம்மைக் கேட்டுக்கொண்டுதான் அடிக்கிறது என்பதுபோல.

2007 ஏப்ரலில் ஒரு நாள், நான் ரீசார்ஜுக்கு நின்றிருந்தபோது, கவரைப்பேட்டையிலிருந்து விக்டோரியா என்ற பெண் வந்தாள். கணவன் சாலமோனின் கடிகாரத்தை விற்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெயின்ட் அடித்த தகடுகளைச் சுட்டெடுக்கும் அடுப்பில் அவனுக்கு வேலை. கை வெந்து ஒரு மாதமாக வீட்டில் கிடக்கிறான், சம்பளம் இல்லை.

அருணாச்சலம் முகர்ந்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். "யம்மாடி... பதம்! அசல் வெயிலு. நாப்பது வருஷத்துக்குக் கொறையாது."

"இல்லீங்க சார்" என்றாள் அவள், பொய் சொல்லி விற்றதாக ஆகிவிடுமோ என்ற பயத்தில். "எங்க மாமனார் குடுத்தப்போ வெள்ளையாத்தான் இருந்துச்சு. கம்பெனில வாட்ச் கட்டக் கூடாது. இவரு தெனம் கழட்டி அடுப்பு மேல இருக்கிற பலகைல வெச்சுடுவாரு. ரெண்டே வருஷத்துல இப்டி ஆயிடுச்சு."

ரீசார்ஜ் கடைக்காரர் சிரித்துவிட்டார். லென்ஸ் மேசையில் விழுந்தது. அருணாச்சலத்தின் காது சிவந்தது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவரை அவ்வளவு நல்லவராக நினைத்தது என் தவறு.

"அப்போ இது டூப்ளிகேட்மா. முந்நூறு தரேன். அடுப்புக் கதைய ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியாத" என்றார். அவள் தலையாட்டி வாங்கிக்கொண்டாள். டூப்ளிகேட்டை அவர் பஞ்சில் பொதிந்து தனி டப்பாவில் வைத்தார். பிறகு, அதுவரை நான் கேட்டிராத கனிவோடு கேட்டார்: "ஆமா, அவருக்குக் கை எப்பம்மா ஆறும்?"

அந்த ஒரு மாதத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. விக்டோரியாவின் கண் கலங்கிவிட்டது. "பத்து நாள்ல வேலைக்குப் போலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார்."

"நல்லது, நல்லது" என்றபடி அருணாச்சலம் இழுப்பறையைத் திறந்தார். வெள்ளை டயல் கடிகாரங்கள் ஐந்தைப் பொறுக்கி எடுத்து, கைக்குட்டையில் முடிந்து, அவள் பக்கமாகத் தள்ளினார்.