ஷட்டர்காரர்

ராஜபாளையத்தில் தோல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். என் உடம்பில் முப்பத்தேழு மச்சங்கள். போன மாதம் முதுகில் முப்பத்தெட்டாவது முளைத்து, என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கையில் பதினாறாம் எண் டோக்கன்.

பக்கத்தில் இருந்தவர் பிளவக்கல் அணையில் ஷட்டர் ஏற்றி இறக்குபவராம். ஒல்லியான ஆள், கால் பெருவிரலில் கட்டு. பேசும்போதெல்லாம் வலது கை, இல்லாத சக்கரம் ஒன்றைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

படித்துச் சேர்த்த பயத்தையெல்லாம் அவரிடம் கொட்டினேன். "எல்லாச் செல்லுலயும் வளரச் சொல்ற மரபணுவும் இருக்கு, நிறுத்தச் சொல்றதும் இருக்கு. நிறுத்தச் சொல்றது அடங்கிப்போனா புத்துநோய் வளர ஆரம்பிச்சிரும்."

"அப்ப தண்ணி மேல குத்தமில்ல சார். ஷட்டர் இறங்கலை, அம்புட்டுதான்," என்றவர், தன் டோக்கனை நீட்டினார். "எனக்கு நாலு. இதை வச்சுக்கிட்டு முதல்ல போங்க. எம்புட்டு நேரம் இப்படி நடுங்குவீக?"

கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டு, என் பதினாறை அவரிடம் கொடுத்தேன். என் முதுகை அரை நிமிடம் பார்த்த டாக்டர், "வயசானா வர்ற மரு ஐயா, வீட்டுக்குப் போங்க," என்றார்.

நன்றி சொல்லக் காத்திருந்தேன். பதினோரு பேருக்குப் பிறகு உள்ளே போனவர், ஏழாவது நிமிடத்தில் வெளியே வந்தார்.

"விரல்ல சதையை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாக. இன்னைக்கு ரிசல்ட்டு. நீங்க சொன்ன அதே புத்துதான் சார், விரலை எடுக்கணுமாம். மிச்சம் ஒம்பது இருக்குல்ல," என்று சொல்லி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நொண்டிக்கொண்டே போனார்.

அப்படி ஒரு காகிதத்துக்குக் காத்திருந்தவர் தன் முறையை எனக்கு எப்படிக் கொடுத்தார் என்ற கணக்கு மட்டும் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.