ராயப்பன் அண்ணாச்சியின் பூட் ஆகாத பெட்டி

போன மாதம் கீழவைப்பார் கடற்கரையில் நெத்திலி காயப்போட்டிருந்த இடத்தில், காக்கையை விரட்டுவதற்காகப் பழைய சிடிக்களை நூலில் கோத்துக் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை சுழன்று வெயிலைக் கண்ணில் அடித்தன. ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ. மணமக்கள் பெயர் உப்புக்காற்றில் பாதி அழிந்திருந்தது. கருவாட்டு வாசனையும் அந்த வட்டத் தகடும் சேர்ந்தால் எனக்கு ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருவார். இதே ஊர்க்காரர்.

அப்போது நான் தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகவேண்டியவள் ஸ்க்ரூடிரைவரோடு அலைகிறாளே என்று வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கோ பெருமை தாங்காது. பெருமைக்குக் காரணம் ஒரு லினக்ஸ் லைவ் டிஸ்க். ஹார்டு டிஸ்கைத் தொடாமல், சிடியிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவைக்கும் தட்டு அது. எழுந்திருக்காது என்று எல்லோரும் கைவிட்ட கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, உள்ளே கிடக்கும் போட்டோக்களைப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பேன். என் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கும். அது தோற்ற கம்ப்யூட்டர் கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் காலை ராயப்பன் அண்ணாச்சி வந்தார். பூப்போட்ட பெட்ஷீட்டில் சிபியுவை மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். சங்கு குளிக்கப் போனவர். பல வருடம் ஆழத்தில் இறங்கி இறங்கிக் காது போய்விட்டது. இடது காதில் சுத்தமாகக் கேட்காது, வலது காதில் வாய் வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். பெட்டியை மேசைமேல் வைத்தவர், மேலே வைத்த கையை எடுக்கவில்லை.

"பெட்டியத் தொறக்கக் கூடாது பிள்ள. தொறக்காம என்ன செய்ய முடியுமோ செய்யி" என்றார்.

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அவர் மனைவி சலேத்தம்மாள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவர். உடம்புக்கு முடியாமல் இறந்துபோனார். அதற்கு முன்னால் வீட்டில் அவர் பாடிப் பழகும்போது, மகள் ரீத்தா கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டிப் பதிவு செய்திருக்கிறாள். சலேத்தம்மாளின் குரல் உலகத்தில் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. ரீத்தா சென்னையில் நர்சிங் படிக்கிறாள். அம்மா இறந்த நாளின் வருசப் பூசைக்கு ஊருக்கு வருகிறாள், அம்மா பாட்டைக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பெட்டி எழுந்திருக்கவில்லை என்பதை இவர் மகளிடம் சொல்லவில்லை. வேறொரு கடையில் கொடுத்ததற்கு, ஹார்டு டிஸ்க் போய்விட்டது, புதிது போடவேண்டும் என்று சொல்லிக் கழற்றப் போயிருக்கிறார்கள். பிடுங்காத குறையாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கென்ன, லைவ் டிஸ்க் இருக்கிறதே என்று போட்டேன். சிடி உறுமியது. மெனு வந்தது. கொஞ்ச நேரம் ஓடி அப்படியே நின்றுவிட்டது. தட்டில் கோளாறு என்று நினைத்து, மெதுவான வேகத்தில் புதுத் தட்டு எழுதிப் போட்டேன். அதுவும் நின்றது. அதே தட்டு கடையில் இருந்த மற்ற கம்ப்யூட்டர்களில் எல்லாம் சமர்த்தாக ஓடியது. பவர் கேபிளை மாற்றினேன், மானிட்டரை மாற்றினேன். இந்த ஒன்றில் மட்டும் ஓடவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடு, நமக்கு எதற்கு வம்பு என்றார். கீழே ஸ்டூலில் அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர்கள் முகத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலை கடை திறக்கும்போது வாசலில் நின்றார், அதே பெட்ஷீட்டோடு.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அது வேறு வேறு இடத்தில் நின்றது. தட்டில் கோளாறு என்றால் ஒரே இடத்தில் நிற்கும். லைவ் டிஸ்க் ஓடுவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவான ரேமை நம்பித்தான். ரேம் சரியில்லையோ? தட்டின் மெனுவிலேயே ரேமைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடத் தொடங்கின. கோளாறு ரேமில்தான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாம் போச்சா பிள்ள?"

அவர் வலது காதில் வாய் வைத்துக் கத்தினேன். போகவில்லை அண்ணாச்சி, பாட்டு இருக்கிற இடம் வேறு, கெட்டது வேறு. ஆனால் பெட்டியைத் திறந்தால்தான் கெட்டதை எடுக்க முடியும். ஹார்டு டிஸ்கைத் தொடமாட்டேன், நீங்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டிமேல் கையை வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

"தொற" என்றார்.

உள்ளே உப்புக்காற்று புகுந்து, ரேமின் பித்தளை நிறப் பற்களில் பச்சை பூத்திருந்தது. இரண்டு ரேம் தகடுகள் இருந்தன. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் இரண்டையும் தேய்த்தேன். ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் கொடுத்தேன். நல்லதை மட்டும் மாட்டி லைவ் டிஸ்க்கைப் போட்டோம். பாதி ரேமில் நத்தை மாதிரி ஊர்ந்தது. ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் திரை முழுசாக வந்தது. ரீத்தாவின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் 'அம்மா' என்று ஒரு ஃபைல்.

முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். பிறகு ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் கழற்றிவிட்டார்.

"இரைச்சல்தான் கேக்குது. நீ கேட்டுச் சொல்லு. அவ என்ன பாடுதா?"

நான் மாட்டிக்கொண்டேன். மாதாவைப் பற்றிய பாட்டு. எங்கள் புராட்டஸ்டன்ட் கோயிலில் மாதா பாட்டே கிடையாது, ஆனால் மெட்டு நெஞ்சைப் பிடித்தது. நடுவில் பாட்டு நின்று பேச்சு வந்தது. நான் கேட்டுக் கேட்டு அவர் காதில் சொன்னேன்.

"ஏளா ரீத்தா, மைக்க அணை. அப்பா வாராரு. பாட்டக் கேட்டா இங்கனயே உக்காந்துருவாரு, சங்கு குளிக்கப் போவ மாட்டாரு."

சலேத்தம்மாள் சொன்னதைச் சொன்ன மாதிரியேதான் சொன்னேன். முதலாளி கையிலிருந்த டீயைக் குடிக்காமல் நின்றார். அண்ணாச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, குரல் கரகரப்பாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்த மழையில பிடிச்ச சளி" என்றார். "சொன்னா கேக்க மாட்டா."

திரும்ப ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வருசப் பூசைக்கு ரீத்தா வந்தாள், கேட்டாள் என்று பிறகு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார். கடை ஒரு வாரம் மணத்தது.

போன மாதம் அந்த நெத்திலி காய்ந்த இடத்திலிருந்து அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். பூட்டியிருந்தது. அண்ணாச்சி போன மார்கழியில் இறந்துவிட்டாராம். பக்கத்து வீட்டில் ரீத்தாவின் நம்பர் கொடுத்தார்கள். குவைத்தில் நர்சாக இருக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டர் கடைப் பெண் என்று சொல்லிப் பேசினேன். அம்மா பாட்டு இப்போதும் அவள் போனில் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவாளாம்.

அப்பா குரல்தான் இல்லை என்றாள். கேட்காத காதோடு அவர் போனில் பேசவே மாட்டாராம். வீடியோவில் பிள்ளைகளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டுவாராம். யாருக்கும் பதிவு செய்யத் தோன்றவில்லை.

"அன்னைக்குக் கடையில அப்பா என்ன பேசுனாங்கக்கா? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

நினைவிருந்ததைச் சொன்னேன். தொற என்றது, அந்த மழையில பிடிச்ச சளி என்றது, சொன்னா கேக்க மாட்டா என்றது. எனக்கு வார்த்தைகள் எல்லாம் இருந்தன. கடலுக்கடியில் இருந்துகொண்டு கரையில் நிற்பவர்களோடு பேசுகிற மாதிரி அவர் சத்தமாகப் பேசுவாரே, அந்தக் குரல் மட்டும் எனக்கு வரவில்லை.