ஷுஐபின் வலது கால்

ஒரு மனிதனின் கால் யாருக்குச் சொந்தம்?

கேட்டவுடன் சிரிக்கத் தோன்றும் கேள்விதான். ஆனால் ராஸ் ஸம்ராவில், மத்தி மீன் ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் பேட்டையில், ஷுஐபின் வலது காலைப் பற்றி இந்தக் கேள்வி வருடக்கணக்கில் ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அவன் அக்கா ரகிய்யாவுக்கு மட்டும் அதில் சந்தேகமே வந்ததில்லை. அம்மா இறந்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அப்பா படகோடு தெற்கே தாக்லா பக்கம் போனால் திரும்பப் பல மாதம் ஆகும். தம்பி நடக்கப் பழகியபோது விரலைக் கொடுத்தவள் அவள்தான். ஆலையில் மத்திக்குத் தலை கிள்ளி, குடல் எடுத்து, தகரத்தில் அடுக்கி அவள் சம்பாதித்ததில்தான் அந்தக் காலில் சதை பிடித்தது. அப்படியிருக்க, வேறு யாருக்குச் சொந்தமாக முடியும்?

அந்தக் கால் பந்தைக் கற்றது கடற்கரையில். அங்கே கடல் இறங்கினால் மைதானம் உண்டு, ஏறினால் இல்லை. மூன்று பக்கமும் குதிகாலால் கோடு கிழிப்பார்கள். நான்காவது பக்கத்தில் கோடு கிடையாது, கடல்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர் வரை ஆட்டம் உண்டு. அந்த ஓரத்தில் ஆட யாருக்கும் பிடிக்காது. நன்றாக உருண்டு வந்த பந்து தண்ணீர் பட்டதும் செத்ததுபோல நின்றுவிடும், அல்லது அலை அதை வேறெங்கோ தள்ளிவிடும். ஷுஐப் அந்த ஓரத்திலேயே நின்றான். அலையைப் பார்த்துக் காலை வைத்தான். பந்துக்கு அடியில் விரல்களை நுழைத்து, தண்ணீரோடு சேர்த்து அள்ளி, திரும்பும்போதே அடிக்கப் பழகினான். இதை மேதைமை என்று சொல்லிவிட அவசரப்பட வேண்டியதில்லை. பழக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடற்கரையில் எத்தனையோ பையன்கள் ஆடினார்கள். கெட்ட ஓரத்தை விரும்பி எடுத்துக்கொண்டவன் ஒருவன்தான்.

பதினான்கு வயதில் துறைமுகக் கிளப்பின் பையன்கள் அணியில் சேர்த்தார்கள். முதல் முறையாகப் புல். மணலில் ஓடிய பழக்கத்தில் முழங்காலை உயர உயரத் தூக்கி ஓடினான்.

"டேய்! ஒட்டகம் முள்ளை மிதிச்ச மாதிரி எதுக்குடா தூக்குற? இது புல்லுடா, கடிக்காது!" என்று பயிற்சியாளர் ஸி இத்ரீஸ் கத்துவார். மற்றப் பையன்கள் அவனை ஒட்டகம் என்றே கூப்பிட்டார்கள். ஒரு வருடம் திருத்திப் பார்த்தார். பிறகு அவர் கண்ணிலேயே ஒன்று பட்டது. உயரத் தூக்கிய அந்தக் கால் எப்போது கீழே வரும் என்று தடுப்பவர்களால் கணிக்க முடியவில்லை. அவர்கள் காலை நீட்டும்போது பந்து அங்கே இருப்பதில்லை. "அவன் காலை அவன்கிட்டயே விட்டுடுங்க" என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டு, அவனை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில், கோலுக்கு நேராக நிறுத்தினார்.

பதினெட்டில் தொழில்முறை ஒப்பந்தம். கிளப் சொல்லாத எந்த இடத்திலும் ஆடக்கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வரிதான். எல்லா நோன்பு மாதத்திலும் மீறப்படுகிற வரியும் அதுதான்.

ராஸ் ஸம்ராவில் நோன்பு மாதம் முழுக்கப் பேட்டைகளுக்கு இடையே பந்தயம் நடக்கும். சூரியன் விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், வெறும் வயிறு, வெறுங்கால், வறண்ட தொண்டை. பிறை தேதியை வைத்தே கடல் இறங்கும் நேரத்தை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். இருபத்தாறாம் நோன்பன்று மாலையில் தண்ணீர் நன்றாக விலகி நிற்கும் என்பதால் இறுதி ஆட்டம் எப்போதும் அன்றுதான். பெரும்பாலும் ஆலைப் பேட்டையும் குயவர் மேடும் மோதும். பெரிய கிளப்புகளில் ஆடுகிறவர்கள்கூட அன்று தொப்பியை இறக்கி மறைந்து வந்து சொந்தப் பேட்டைக்காக ஆடிவிட்டுப் போவார்கள். கிளப்புகளுக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பார்கள், பெயர் வெளியே வராதவரை.

அந்த வருடம் ஷுஐபை மறைப்பதற்குப் பேட்டையே கூடித் திட்டம் போட்டது. அன்றைக்கு மட்டும் அவன் பெயர் கத்தூர். புருவம் வரை கம்பளித் தொப்பி. ஒலிபெருக்கியில் ஆட்டத்தைச் சொல்லும் பூஷ்தா, காலையில் அதே ஒலிபெருக்கியில் மீன் ஏலம் போடுகிறவர், ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்: "கத்தூர்ங்கிற பேரைத் தவிர என் வாயில வேற பேர் வராது."

கத்தூர் தண்ணீரிலிருந்து பந்தை அள்ளி, திரும்பி, கோல் அடித்தான். பூஷ்தா எல்லாவற்றையும் மறந்தார்.

"ஷுஐப்! நம்ம ஷுஐப்! அப்துன்னபி மகன் ஷுஐப்! துறைமுகக் கிளப் ஷுஐப்!"

கடற்கரை முழுக்க அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. நாலைந்து கைபேசிகளும் அதைப் பதிந்துகொண்டன. அடுத்த சில நிமிடங்களில், அதே கடலோரத்தில், பந்துக்காகக் குயவர் மேட்டு மிலூத் குறுக்கே பாய்ந்தான். அலை பந்தை நகர்த்திவிட்டது. மிலூதின் குதிகால் நகரவில்லை. ஷுஐபின் வலது கால் எலும்பு முறிந்த சத்தம் சுவரோரம் நின்ற பெண்கள் வரை கேட்டது. அவன் வேண்டுமென்று செய்தானா என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லாதவர்களும் யாரும் இல்லை.

கிளப்பிலிருந்து ஒருவர் மருத்துவமனைக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "லல்லா ரகிய்யா, காகிதப்படி அது எங்க கால். எங்களைக் கேக்காம போய் ஆடியிருக்கு. நாங்க என்ன செய்ய?" என்றார். ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

மறுவாரம் மிலூத், தானே சூளையில் சுட்ட ஒரு தஜீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ரகிய்யா கதவைத் திறக்கவில்லை. அவன் படியில் வைத்துவிட்டுப் போனதைக் காலால் தெருவுக்குத் தள்ளினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பில் மண் சட்டி ஏறவில்லை. குயவர் ஊரில் அலுமினியத்தில் சமைத்தாள். மிலூதைக் கடற்கரையில் யாரும் சேர்க்கவில்லை, அவன் பேட்டைக்காரர்களும்தான். இரண்டு பக்கமும் அவனுக்கு ஒரே பெயர்: கால்முறிச்சவன். ஷுஐப் மட்டும் அவனைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய்விடுவான்.

கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கால் மற்றதைவிட மெலிந்திருந்தது. ஆலைச் சங்கு ஊதும் முன் ரகிய்யா ஆலிவ் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுவாள். அவன் முழங்கால் தண்ணீரில் கடலோரமாகவே நடப்பான். எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. கடைசியில் உள்நாட்டில், மலையடிவாரத்தில் ஒரு மூன்றாம் பிரிவு அணி எடுத்துக்கொண்டது. ரொட்டிக்கடை மாடியில் ஓர் அறை. புல் என்று ஒன்று இல்லாத, ஒரு பக்கம் சரிந்த மைதானம். மேட்டை நோக்கி ஏறி ஆடும் பாதியில் முன்வரிசையில் நிற்க அங்கே யாருக்கும் விருப்பமில்லை. அவன் நின்றான். இரண்டு வருடம் தூசியில் கோல் போட்டான். ஊருக்கு வந்தால் புலம்பமாட்டான். "மேடா இருந்தா பந்து நம்மகிட்டயே திரும்பி வந்துடும்கா, ஓடிப் போய் எடுக்க வேண்டாம்" என்பான். ஒருவனைப் புகழ்வதற்குக் கோல்களைவிட இந்த வாக்கியம் நல்ல காரணம்.

அங்கிருந்து காஸாபிளாங்காவில் பெரிய கிளப். இப்போது அந்தக் காலுக்குக் காப்பீடு இருந்தது, தேய்த்துவிட ஆள் இருந்தது, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல மருத்துவர் இருந்தார். ஆலையில் ஓய்வறைத் தொலைக்காட்சியில் பெண்கள் அவன் ஆட்டத்தைக் கூடிப் பார்ப்பார்கள். எல்லார் கண்ணும் பந்தின் மேல். ரகிய்யா பந்தைப் பார்த்ததே இல்லை. அவள் வலது காலை மட்டும் பார்ப்பாள்.

"ஏன்டி, உன் தம்பி கோல் போட்டுட்டான், நீ என்ன தரையைப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று தோழி யாம்னா இடிப்பாள்.

"போட்டுட்டு நேரா நடக்குறானா?"

"நடக்கலடி, பறக்குறான்!"

"பறந்தா இறங்கும்போதுதான் பயம்" என்பாள் ரகிய்யா.

இருபத்து மூன்று வயதில் பெல்ஜியத்திலிருந்து அழைப்பு வந்தது. பெருநாள் முடிந்ததும் போய், அங்கே மருத்துவர்கள் காலைப் பார்த்து, பிறகு கையெழுத்து. நோன்பின் கடைசி நாட்களுக்கு ஷுஐப் ஊருக்கு வந்தான். இருபத்தாறாம் நோன்பன்று மதியத்துக்குப் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க?" என்றாள் ரகிய்யா.

"கடற்கரைக்குத்தான். வேடிக்கை பாக்க."

"அங்க கால் வச்ச, இந்தத் தடவை நானே முறிச்சுடுவேன்."

"நீ முறிச்சா பரவால்லயா?"

"நான் வளத்த காலு. எனக்கு உரிமை இருக்கு. இரு, நானும் வரேன்."

கடற்கரையில் அவளுடைய பயத்துக்கு வேலையே இருக்கவில்லை. பேட்டையே காவல் நின்றது. அணித் தலைவன் ஹம்மாதி, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்து ஷுஐபின் வலது காலை அதன் மேல் தூக்கி வைத்தான். "ராஜா, நீ அசையாம உக்காரு. இதுல மணல்கூட ஒட்டக்கூடாது. இது இனி பேட்டையோட சொத்து."

"பட்டுத்துணி போத்தி விடு, தேய்ஞ்சுடப்போவுது" என்றாள் யாம்னா. எல்லாரும் சிரித்தார்கள். ஷுஐபும் சிரித்தான். காலைக் கூடையிலிருந்து எடுக்கவில்லை.

தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் குயவர் மேட்டில் இரண்டு பேர் குறைந்தார்கள். சந்தைக்குச் சட்டி ஏற்றிக்கொண்டு போன லாரி வழியில் நின்றுவிட்டதாம். ஆள் நிறையாமல் ஆட்டம் கிடையாது. மணலில் உட்கார்ந்திருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு நிரப்பிக்கொள்ளலாம். நிரம்பாவிட்டால் கோப்பை எதிரணிக்கு. அவர்கள் தலைவன் ஸல்லாம் சுற்றிலும் பார்த்தான். மேட்டிலிருந்து வந்தவர்களில் பாதி கிழவர்கள், மீதி குழந்தைகள். சுவரோரம், கால்சட்டையில் சூளைச் சாம்பலோடு, ஒருவன் தனியாக நின்றான்.

"மிலூத், வா" என்றான் ஸல்லாம். பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டான்.

மிலூத் மணலில் இறங்கியதும் கூச்சல் கிளம்பியது. "கால்முறிச்சவன் வரான், காலை எண்ணிக்கங்கடா!" "இன்னிக்கு யாருக்கு ஊன்றுகோல்?" ஹம்மாதி நடுவில் வந்து நின்றான்.

"அவன் ஆடினா நாங்க ஆடமாட்டோம்."

"எங்ககிட்ட வேற ஆள் இல்ல ஹம்மாதி. அவனைச் சேத்தாலும் இன்னும் ஒருத்தன் குறையுது."

"அப்ப கோப்பையைக் கொடு, வீட்டுக்குப் போய் நோன்பு திறப்போம்."

"நோன்பு வச்சுக்கிட்டு இப்படிப் பேசுறியே."

"வச்சுக்கிட்டு அவன் ஒடிக்கலயா?"

கடல் திரும்பத் தொடங்கியிருந்தது. முதல் நுரை மெல்ல வந்து, அவர்கள் கிழித்த கோட்டின் முனையை அழித்தது. மிலூத் வந்த வழியே சுவரை நோக்கித் திரும்பினான். ரகிய்யாவுக்கு நெஞ்சு நிறைந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

பக்கத்தில் நாற்காலி முனகியது. ஷுஐப் கூடையிலிருந்து காலை எடுத்து, காலணிகளைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். வலது காலில் பழைய தழும்பு வெயிலில் மின்னியது.

"டேய்" என்றாள் ரகிய்யா. "ஷுஐப், டேய்..."

ஹம்மாதிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, நம்ம ஆளு பொறுக்கல!" என்று கையை விரித்தான். ஷுஐப் அவன் தோளைத் தட்டிவிட்டு, அவனைத் தாண்டி நடந்தான். எதிர்ப் பாதிக்குப் போனான். சுவர்வரை போய்விட்ட மிலூதின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். குயவர் மேட்டுக்காரர்களோடு, கடலோரத்தில், கணுக்கால் தண்ணீரில் தன் பேட்டையைப் பார்த்து நின்றான்.

"இப்ப ஆள் சரியா இருக்கு" என்றான் ஸல்லாமிடம். பிறகு மிலூதிடம், "பந்தை எனக்கு இந்தப் பக்கமா போடு" என்றான்.

பூஷ்தா ஒலிபெருக்கியை வாயருகே பிடித்துக்கொண்டு, எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கோல் கம்புகளைத் தொடும்வரை ஆடினார்கள். ஹம்மாதியின் ஆட்கள் முதலில் அவனை நெருங்கவே பயந்தார்கள். பிறகு மறந்துபோய் ஆடினார்கள். ரகிய்யா அவனுடைய காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு முதல் முறையாக அவள் கண் பந்தின் மேலும் போனது. அது மிலூதின் காலிலிருந்து கிளம்பித் தம்பியின் காலுக்கு வந்துசேரும் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பாங்கு ஒலித்தது. வீட்டில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்தான், கால் முழுக்க மணலோடு. அவள் கிண்ணத்தில் ஹரீரா சூப்பை ஊற்றினாள்.

"ஏன்டா?" என்றாள். "அவனுக்காகவா? இல்ல எங்க யார் மேலயாவது கோபமா? கையெழுத்துப் போடற நேரத்துல... ஏன்டா?"

அதே கேள்வியைப் பெருநாள் காலையில் கேட்டாள், விமான நிலையத்தில் கேட்டாள், பிறகு தொலைபேசியிலும் கேட்டிருக்கிறாள். அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அன்று மாலை கிண்ணத்தைக் காலி செய்து அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா."