கை நடுங்காத நாட்கள்: காங்கேயத்திலிருந்து வால்பாறைக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவி சாந்தாமணியும் வால்பாறை போனோம். இந்த வலைப்பூவை வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் கொப்பரை வியாபாரி. சரக்கு பார்க்கப் போகிற ஊர்களைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுவேன்: எந்த வழி, எத்தனை மணி நேரம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும். இந்த முறை போனது வியாபாரத்துக்கு அல்ல. சாந்தாமணியின் தம்பி கூப்பிட்டிருந்தான்.

அவனைத் தங்கராசு என்று எழுதுகிறேன். "எழுதிக்குங்க மாமா, பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றான். குடியை விட்டு அவனுக்கு நான்கு வருடம் முடிந்தது. குடியை விட்டவர்கள் வாரம் ஒருமுறை கூடுகிற கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. வருடம் முடிகிற அன்று வீட்டு ஆட்களும் வந்து இரண்டு வார்த்தை பேசலாமாம். "அக்காவும் நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டான். வாரேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பேசுவது என்றுதான் போன வழி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். காரணத்தை ஊர் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடுகிறேன்.

காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி. என் வண்டியில் 97 கிலோமீட்டர் காட்டியது. தாராபுரத்தில் டீ, இரண்டுக்கு 30 ரூபாய். பொள்ளாச்சிக்கு ஏழே காலுக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறினோம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிற வயதை நான் தாண்டிவிட்டேன். காரில்தான் போவேன் என்பவர்கள் இ-பாஸ் விவரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளவும்.

பேருந்து 7.40க்கு எடுத்தார்கள். வால்பாறைக்கு 64 கிலோமீட்டர், ஆளுக்கு 65 ரூபாய் கொடுத்தேன். நடத்துநர் நல்ல வாய்க்காரர். சாந்தாமணியைப் பார்த்ததுமே, "ஏனுங்கம்மா, வாந்தி வருமுங்களா? வரும்னா இப்பவே முன்னாடி வந்துருங்க. ஒம்பதாவது வளைவுல வந்து கேட்டா சீட்டு இருக்காதுங்க" என்றார். அவளுக்கு ஜன்னல் ஓரம், எனக்கு அவள் பக்கத்தில்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டி பத்து நிமிடம் நின்றது. அப்போது சாந்தாமணி பையைத் திறந்து ஒரு பட்டுப்புடவையைக் காட்டினாள். தம்பி கல்யாணத்தில் இணைச்சீருக்கு உடுத்த எடுத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ செய்கிற சீர் அது. புடவை ஐந்து வருடமாக மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது.

"இதை எதுக்கு இப்போ?" என்றேன்.

"இன்னைக்குக் கூட்டத்துக்கு உடுத்திக்கறனுங்க. அவனுக்கு இதுவும் ஒரு விசேசந்தானுங்களே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வண்டி எடுத்துவிட்டார்கள்.

இனி காரணம். தங்கராசுக்கு சூலூரில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை இருந்தது. சுற்று வட்டாரத்துத் தறிக்காரர்கள் எல்லாம் அவனிடம்தான் வருவார்கள். சில மாதம் தூங்காமல் வேலை செய்வான், உலகத்தையே வாங்கிவிடுவது போலப் பேசுவான். சில மாதம் போர்த்திப் படுத்துவிடுவான். இரண்டுக்கும் நடுவே குடி. டாக்டர் இதற்கு பைபோலார் என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையைப் பிடித்துக்கொண்டு குடியையும் விட்டான். பதினொரு மாதம் ஒரு சொட்டு இல்லை. மாத்திரையால் கை மட்டும் லேசாக நடுங்கும்.

அந்த நேரத்தில் ஒரு நல்ல இடத்துப் பெண் அமைந்தது. பெண்ணின் மாமன்மார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு ஒரே யோசனைதான். காபி டம்ளரைப் பிடிக்கும்போது இவன் கை நடுங்கினால் குடிகாரன் கை என்றுதானே நினைப்பார்கள்?

கொப்பரை மூட்டையின் வாய்ப்பக்கம் வெள்ளைப் பருப்பாக வைப்போம், சுமாரானது அடியில் போகும். மறைக்க ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வது. வாங்குகிறவனுக்கும் அது தெரியும், கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்ப்பான். ஆனால் மாப்பிள்ளைக்குள் யாரும் கை விட்டுப் பார்க்க முடியாது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்: "மாப்ளே, ஒரு பத்து நாளைக்கு மாத்திரைய நிறுத்திப் போடு. அவங்க வந்து போன பொறகு போட்டுக்கலாம்."

நிறுத்தினான். அவர்கள் வந்தார்கள். டம்ளரைப் பிடித்த கை கல் மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்துப் பேசினான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அவர்கள் போன பிறகு, "மறுபடி ஆரம்பிக்கட்டுங்களா மாமா?" என்று கேட்டான். "நல்லாத்தானே இருக்கே. கல்யாணம் முடியட்டும்" என்றேன். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்கே தெரியும்.

ஐந்து வாரத்தில் தூக்கம் போயிற்று. மூன்று நாளில் பட்டறைக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தான். கண்ணை மூடினால் போதும் என்று ஒரு குவார்ட்டர் வாங்கியிருக்கிறான். உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்கிற அன்று காலை பத்தரைக்கு, நிற்க முடியாத போதையில் பெண் வீட்டார் முன்னால் வந்து நின்றான். கல்யாணம் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில், "குடிகாரன், திருந்த மாட்டான்." மாத்திரை விஷயத்தை மூச்சு விடவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. சாந்தாமணி அவன் போனை இரண்டு வருடம் எடுக்கவில்லை.

பல மாதம் குடித்தே கிடந்து, பிறகு கோவையில் ஒரு மருத்துவமனையில் நாற்பது நாள் இருந்தான். பார்க்கப் போனவர்கள் யாருமில்லை, என்னையும் சேர்த்து. அங்கே பழக்கமான ஒருவர்தான் எஸ்டேட்டில் மோட்டார் வேலை இருக்கிறது என்று வால்பாறைக்குக் கூட்டிப்போனார்.

ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை கீழே தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரியும். பேருந்து நிற்காது, ஜன்னலில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சுவர் மேல் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன. "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று சாந்தாமணி என் தோளைத் தட்டினாள். இருபதாவது வளைவுக்கு மேல் குளிர் ஏறியது. அதற்கு மேல் தேயிலை.

10.35க்கு வால்பாறை. தங்கராசு பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான், காதோரம் நரை. அக்காளின் பையை வாங்கிக்கொண்டு, "என்னக்கா, மலை ஏறி வந்தும் தலை கலையலையே, ஒட்டி வச்சிருக்கியா?" என்றான். அவள் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டு, அங்கேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டோ 80 ரூபாய். கடைவீதிக்குப் பின்னால் ஒரே அறை வீடு. கதவை ஒட்டி ஏழு நாள் பெயர் போட்ட மாத்திரைப் பெட்டி. அதற்கு மேல் அவன் கையெழுத்தில் ஒரு தாள்: 'இரண்டு நாள் தூக்கம் வராவிட்டால் டாக்டருக்குப் போன். காரணமில்லாமல் பெயிண்ட் வாங்கத் தோன்றினால் உடனே போன்.' எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொள்ளாச்சி இறங்கி ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரைப் பார்த்து வருகிறான். மெல்லிய கம்பி சுற்றுகிற வேலையை எடுப்பதில்லை. பெரிய மோட்டார்கள் மட்டும். "நடுங்கற கைக்கு ஏத்த வேலைய எடுத்துக்கறனுங்க மாமா. மோட்டாருக்கு என்ன தெரியும்?"

அவனே டீ போட்டான். டம்ளரில் பாதிதான் ஊற்றினான். நீட்டியபோது கை நடுங்கியது, டம்ளரும் ஆடியது, ஆனால் சிந்தவில்லை.

சாந்தாமணி டம்ளரை வாங்கவில்லை. கையையே பார்த்தாள்.

"ஏண்டா, கை இப்படி நடுங்குது? மறுபடியுமா?"

"ஐயோ அக்கா. இது மாத்திரைக்கு. அதனாலதான் பாதி ஊத்தறது."

"மாத்திரை அப்பவும் போட்டுட்டுத்தானே இருந்தே? பொண்ணூட்டுக்காரங்க வந்தன்னைக்கு நான்தானே காபி குடுத்தேன். கை அசையவே இல்லையே?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். "அப்போ மாத்திரை போடலைக்கா. மறந்துட்டேன்."

ஐந்து வருடம் கழித்தும் என் வீட்டு மானத்தை அவன்தான் சுமந்தான். என் கையிலும் பாதி டம்ளர் டீ இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"மறக்கலை" என்றேன். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். கை நடுங்குனா குடிகாரன்னு நெனச்சுக்குவாங்கன்னு. அப்புறம் அவன் போடட்டுமான்னு கேட்டப்பவும் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

சாந்தாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள்: "ரெண்டு வருசம் இவன் போன எடுக்காம இருந்தேனுங்க. பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானுங்களே இருந்தீங்க?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன் மணி அடிக்கும், அவள் கவிழ்த்து வைப்பாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நான் தங்கராசு பக்கம் திரும்பி மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"குடிச்சது நானுங்க மாமா. அதை உங்க தலையில கட்ட மாட்டேன். கட்டுனா நாளைக்கே எனக்கு இன்னொரு குவார்ட்டருக்குக் காரணம் கெடைச்சுரும். ஆனா மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்க. குடிகாரன்னு ஊரெல்லாம் சொன்னதும் நீங்க. அது உங்களோடது, நீங்களே வச்சுக்குங்க."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது. இவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது என்பதை அன்றுதான் அவன் வாயால் கேட்டேன். அதுவரை கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

நான்கு மணிக்குக் கூட்டம். ஒரு பள்ளி வகுப்பறை, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகள், பதினொரு பேர். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் எழுதவில்லை. நான் பேசியதை நான் எழுதலாம். "இவன் கை நடுங்கக் கூடாதுன்னு மாத்திரைய நிறுத்தச் சொன்னவன் நானுங்க. ஊர்ல இவனைக் குடிகாரன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவனும் நானுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் எழுந்து வந்து எனக்கு ஒரு பன் கொடுத்தார். சாந்தாமணி பட்டுப்புடவை உடுத்தி, தம்பிக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இரண்டு பெஞ்சு பின்னால்.

திரும்பும்போது அவள் வரவில்லை. "நான் நாலு நாள் இவனோட இருந்துட்டு வாரனுங்க. நீங்க போங்க" என்றாள். நான் லாட்ஜில் தங்கினேன், அறை 1,100 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும். மறுநாள் ஏழு மணிப் பேருந்து. அதே நடத்துநர்.

"அம்மா எங்கீங்க? வரும்போது ரெண்டு பேருங்களே?"

"தம்பி ஊட்டுல இருக்கறாங்க."

"கோவமுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இன்னைக்கு ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தானுங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நாலு நாள் ஆறு நாளாயிற்று. ஆறாம் நாள் பொள்ளாச்சி போய்க் கூட்டி வந்தேன். காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். தாராபுரம் தாண்டிய பிறகு, "அடுத்த மாசம் ரத்தப் பரிசோதனைக்கு அவன் கீழ எறங்குவான். நான் போய் நிப்பேன். நீங்க வாரதுன்னா வாங்க" என்றாள். வருகிறேன் என்றேன். அதற்குமேல் கேட்கிற யோக்கியதை எனக்கு இன்னும் வரவில்லை. ஊரில் யாரிடமெல்லாம் குடிகாரன் என்று சொன்னேனோ அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளதைச் சொல்லி வருகிறேன். பாதிப் பேருக்கு அவன் பெயரே மறந்துவிட்டது. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலைப் பேருந்தே நல்லது, மதியத்துக்கு மேல் மூடுபனியில் நேரம் பிடிக்கும். ஸ்வெட்டர் கட்டாயம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மழையில் பாதையில் மரம் விழுந்தால் ஒரு நாள் அப்படியே போய்விடும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்ல வேண்டியது. மாமன் மச்சான் சொல்வது அல்ல, எவ்வளவு பெரிய வியாபாரியாக இருந்தாலும்.

கடைசியாக ஒன்று. மலை மேலே இருக்கிற ஆளைப் பற்றி, உடன் வருகிறவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது உங்களிடம் பாக்கி இருந்தால் ஆழியாறு செக்போஸ்ட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வண்டி பத்து நிமிடம் நிற்கும். எனக்கும் நின்றது.