சாமிக்கு முன்னால் எடுத்த பொங்கல்

வேதாகமக் கல்லூரியை முடித்துவிட்டு, ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஊழியம் செய்ய வந்த சித்தி, ஒரு பெட்டி உடுப்பும் ஒரு குடையும் கொஞ்சம் பிடிவாதமும் கொண்டுவந்தாள். பெட்டிக்கும் குடைக்கும் எங்கள் லயத்து வரிசையிலிருந்த வீட்டில் இடம் கிடைத்துவிட்டது. பிடிவாதத்துக்கு இடம் பார்ப்பதற்குள் அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவின் கடைசித் தங்கை அவள். தோடு போடமாட்டாள், படம் பார்க்கமாட்டாள், பொய் சொல்லமாட்டாள். இந்தக் கடைசி விஷயம்தான் அப்பாவுக்குத் தொல்லை. யாராவது தேடிவந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வார். சித்தி வாசலுக்குப் போய், “உள்ளுக்குத்தான் இருக்காரு, ஆனா பேச விருப்பமில்லையாம்” என்று சொல்லிவிட்டு வருவாள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விசுவாசி. மற்ற நாட்களில் அவருக்குச் சித்தியே பெரிய சோதனை.

விடியுமுன் எழுந்து ஜெபம் செய்வாள். பிறகு அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்குவாள். நோயாளிகளை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவர்களுக்காகச் சிங்களத்தில் பேசுவாள். சாயங்காலம் எங்கள் வாசலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டும் கதையும் பள்ளிப் பாடமும் சொல்லிக்கொடுப்பாள். அதில் என்னைத் தவிர எல்லாரும் நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்தவர்கள். அவர்களை அனுப்பிவைத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. எங்களுக்கு உறவில்லை, ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்களில் மூத்தவள், அவள் சொன்னால் லயமே கேட்கும். அவளுடைய கண் ஆப்பரேசனுக்குக் கூடவே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சித்தி. அன்றிலிருந்து பெரியம்மாவுக்குச் சித்தி என்றால் உயிர்.

அந்த உயிருக்குத் தீபாவளியன்று ஆபத்து வந்தது. பெரியம்மா ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து நீட்டினாள்.

“இது படைச்சதா பெரியம்மா?” என்று சித்தி கேட்டாள்.

“படைக்காம யாராச்சும் வாயில வைப்பாங்களா புள்ள?”

“அப்ப நா சாப்புட முடியாதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அம்மா பின்னாலிருந்து கண்ணால் சாடை காட்டினாள். பொய் சொல்லத் தெரியாதவளுக்குச் சாடை மட்டும் புரியுமா? பெரியம்மா தட்டோடு திரும்பிவிட்டாள். அப்பா சமாதானம் பேச அவள் பின்னாலேயே போனார். மீசையில் வடை எண்ணெய் மினுங்கத் திரும்பி வந்தார். சமாதானம் மட்டும் வரவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளைகளைக் காணோம். தண்ணீர் பிடிக்கிற பீலியில் பெரியம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு, பக்கத்தில் ஆள் நிற்பதே தெரியாததுபோல் போவாள். சாயங்கால வகுப்பில் மிஞ்சியது நான் ஒருத்திதான். எல்லாப் பாட்டையும் நானே பாட வேண்டியிருந்தது. எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. பிள்ளைகள் வராத இடத்தில் ஊழியர் எதற்கு என்று எங்கள் போதகரும் கேட்டுவிட்டார். தை பிறந்தும் இப்படியே இருந்தால் சித்தியை வேறு தோட்டத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு.

“ரெண்டு வடையில போற விசுவாசமாடி அது?” என்று அம்மா சத்தம்போட்டாள்.

“விசுவாசத்தையும் விட முடியல, அவங்களையும் விட முடியலக்கா” என்று சித்தி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஏசு பிறந்த நத்தாருக்குக் கேக் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு சித்தியே பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். துணைக்கு நான்.

“இது ஒங்க சாமிக்குப் படைச்சதா?” என்றாள் பெரியம்மா.

“நாங்க படைக்க மாட்டோம். ஜெபம் மட்டும்தான் பண்ணுவோம்.”

“நாங்களும் கும்புட்டுட்டுத்தான் திங்கிறோம்.”

அப்படிச் சொன்னாலும் பெரியம்மா ஒரு துண்டை எடுத்து எங்கள் முன்னாலேயே சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது. பெரியம்மா வீட்டில் அன்றைக்கு ஒரே சட்டம்: சூரியனுக்குப் படைக்குமுன் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. போன வருசம் பானைக்குள் விரலை விட்டு நக்கிய பேரன் அகப்பைக் காம்பால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். அதனால் பால் பொங்கி எல்லாரும் கூவி அடங்கி, அரிசி வெந்து சர்க்கரையும் சேர்ந்த பிறகு அவள் செய்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முதல் அகப்பையை ஒரு பீங்கான் கோப்பையில் போட்டு, வாழை இலைத் துண்டால் மூடி ஒதுக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் படையல், சூடம், கும்பிடு எல்லாம்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கோப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“புள்ள, இது சாமிக்கு முன்னாடியே எடுத்தது. சூடம் காட்டல, திருநீறு படல. தைரியமா சாப்புடு.”

சித்தி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “நீங்க சாப்புட்டீங்களா பெரியம்மா?”

“நா எப்புடி சாப்புடுறது? சாமிக்கு முன்னாடி மனுசருக்கு எடுத்தது குத்தமில்லையா? பொழுது எறங்கற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. அது எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. ஒனக்கென்ன, நீ சாப்புடு.”

சித்தி விலக்கிய இலையை எடுத்துக் கோப்பையைத் திரும்ப மூடினாள். “அப்ப நானும் பொழுது எறங்குனதுக்குப் பொறகே சாப்புடுறேன்.”

“பைத்தியமா புள்ள ஒனக்கு?”

“இருக்கட்டும் பெரியம்மா. உக்காருங்க.”

அடக் கடவுளே! அந்த இரண்டு பேரும் பகல் முழுக்க எங்கள் வாசலில் உட்கார்ந்து, விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். நடுவில் கோப்பை. நானோ அதையே பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கினேன். பொழுது இறங்கிவிட்டதா என்று பார்க்க என்னைத்தான் ஓயாமல் அனுப்பினார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டத்தில் சூரியன் இருக்கிறதா போய்விட்டதா, யார் கண்டது? கடைசியில் கீழே பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்வது கேட்டதும், “பொழுது எறங்கிருச்சு” என்று பெரியம்மாவே இலையை எடுத்தாள். சித்தி கண்ணை மூடி ஜெபம் செய்து முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு ஒரே கோப்பையிலிருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் சாயங்காலம் வாசல் கொள்ளாத பிள்ளைகள். சித்தியை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. இன்றைக்கும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறாள், தோடு போடாமல், பொய் சொல்லாமல்.

எனக்கு மட்டும் அன்று ஒரு குறை. காலையில் கமகமவென்று வந்த பொங்கல், சாயங்காலம் ஆறிக் கட்டிதட்டிப் போயிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இவ்வளவு பயந்து பட்டினி கிடக்கிறார்களே, இரண்டு சாமியும் பொல்லாத கோபக்காரச் சாமிகள் போலிருக்கிறது என்று நினைத்தபடியே கோப்பையை வழித்து நக்கினேன்.