பெல் இல்லாத சைக்கிள்

சைக்கிளுக்கு பெல் கட்டாயம் என்று சட்டம் வந்தால் முதலில் கை தூக்குவது நான்தான்.

அப்போது என் சைக்கிளில் பெல் இல்லை. கந்தப்பளை இறக்கத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் வழி விடுவதற்காக, தோட்டத்து மேலதிகாரியின் பெயரில், “பெரிய தொரை வர்றாரு” என்று கத்துவேன். ஒதுங்கிவிட்டுத் திட்டுவார்கள்.

ஒரு காலை, பனிமூட்டத்தில் முன்னால் நடந்த உருவத்தைப் பார்த்தும் அப்படியே கத்தினேன். அந்த ஆள் சட்டென்று பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தொப்பியைக் கழற்றி விறைப்பாக நின்றார். பார்த்தால், பெரிய தொரைக்கு அடுத்தபடியாக எங்களை விரட்டி வேலை வாங்கும் சின்ன தொரை.

வேலை போனது என்றே நினைத்தேன்.

“பெரிய தொரை எங்க?” குரல் நடுங்கியது.

“பெல் இல்லீங்க தொரை. அதான்…”

சேறான சப்பாத்தைப் பார்த்தார். “இன்னைக்கே பெல் வாங்கு. இத யார்கிட்டயும் சொல்லாத.”

வாங்கினேன். பெல் அடித்தால் பெண்கள் அசைவதே இல்லை. அவரும் எங்களைப் போலப் பயந்தவர்தான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களைத் தவிர.