கப்டன் ஐயாவின் தோணி

ஊரில் போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்பு. என்னைவிட நன்றாகப் படம் கீற வகுப்பில் ஆளில்லை என்ற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்துப் பெரிதாகக் கீறும் வேலையை ரீச்சர் என்னிடம்தான் தந்தார். காட்டை வெட்டிக் குடியேறிய ஒரு கப்டனின் படம். அந்தக் குடியேற்றத்தைக் காத்த ஊர்ப்படைக்கும் அவரே தலைவராம். கையில் துவக்கு, இடுப்பில் வெடிமருந்துப் பை, பின்னால் மரவீடு, ஆற்றங்கரையில் ஒரு மரப்பட்டைத் தோணி. மீசைக்கு மட்டும் நாலு நாள் செலவழித்தேன். இப்போதும் சொல்கிறேன், மீசை நன்றாகத்தான் வந்திருந்தது.

பெற்றோர் சந்திப்பு நாளில் படம் மண்டபத்தில் தொங்கியது. கீழே அட்டையில் பெரிதாக ‘1’ போட்டு, முதலாவது குடியேற்றவாசி என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள். அம்மா எல்லோர் முன்னாலும் என்னை மெச்சுவார் என்று காத்திருந்தேன்.

அம்மாவுக்குக் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. அவருடைய பிரெஞ்சு முழுவதும் அங்கே பொறுக்கியது. கீழே கிடக்கும் கையுறையைத் தூக்கிக் காட்டி, இது யாருடையது என்று கேட்பார். உரிய பிள்ளை வரும்வரை விடமாட்டார்.

படத்தை நெடுநேரம் பார்த்தார். மீசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அந்தத் தோணி ஆருடையது எண்டு கேள்.”

“அம்மா, பேசாமல் வாங்கோ.”

அவரே தோணியில் விரலை வைத்து, கார்டெரிப் பிரெஞ்சில் ரீச்சரைக் கேட்டார். ரீச்சர் சிரித்தபடி கப்டனைக் காட்டினார்.

“நோன்,” என்று தலையாட்டி மறுத்தார் அம்மா. திரும்பவும் கேட்டார். பின்னால் நின்ற பெற்றோர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ரீச்சர் தயங்கி, முன்பே அங்கிருந்த பூர்வகுடிகளுடையதாக இருக்கலாம் என்றார். வேண்டாவெறுப்பாக அதைத் தமிழில் சொன்னேன்.

“அப்ப இவர் எப்பிடி முதலாவது?”

அம்மா மேசையிலிருந்த மார்க்கரை எடுத்து அந்த ‘1’ஐக் குறுக்கே வெட்டினார். “ஓம், இப்ப தொங்கட்டும்,” என்றார்.

என் படத்தைக் கெடுத்துவிட்டார் என்று இரண்டு நாள் அவரோடு கதைக்கவுமில்லை, அவர் சமைத்ததைத் தொடவுமில்லை. அவரும் இறங்கி வரவில்லை. மூன்றாம் நாள் பசியில் நான்தான் தோற்றேன்.

திருகோணமலையில் எங்கள் வயலுக்குள் துவக்கோடு வந்து குடியேறியவர்கள் தங்கள் பெயர்ப்பலகையை நட்டபோது, அம்மா வாயே திறக்காமல் உடுத்த துணியோடு வெளியேறியவர். படத்தில் நின்றவன் என்றாலும், ஒரு துவக்குக்காரனின் முகத்துக்கு நேரே ‘இது யாருடையது’ என்று கேட்க அவருக்கு அந்த மண்டபத்தில்தான் வாய்த்தது என்பது பத்து வயதில் எனக்கு எங்கே விளங்கியது?